கணினிக்கு ஒரு திரை

நமுனுகுல மலையை அறியாதவர் ஊவா மாகாணத்தில் இலர். ஒன்பது சிகரங்கள் என்பது அதன் சிங்களப் பெயரின் பொருள். 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அம்மலை, காலையில் சில சிகரங்களைக் காட்டும். நண்பகலில் எல்லாவற்றையும் காட்டும். மாலையில் மூடுபனி இறங்கினால் ஒன்றையும் காட்டாது. மலை எங்கும் போய்விடவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத மலை இல்லாத மலையாகவே மனத்துக்குப் படுகிறது. கணினியும் இத்தகையதே. உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், விசிறி சுழலும், சிறு விளக்கு மினுங்கும். திரையில் மட்டும் ஒன்றும் தோன்றாது. அப்பொழுது வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒருமுகமாக, "கணினி பழுதாகிவிட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுவார்கள். பெரும்பாலும் பழுதாவது கணினியன்று. அதற்கும் திரைக்கும் இடையேயுள்ள இணைப்பே என்பதை நாம் அண்மையில் நமுனுகுலத் தோட்டமொன்றின் லயத்தில், சற்று வெட்கத்துடனேயே கற்றுக்கொண்டோம்.

அந்தக் கதையை வாசகர்களுக்குச் சொல்லுமுன், தோட்டத்து வீட்டுக்குக் கணினித் திரை எதற்கு என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொரோனா நோயின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. பாடங்கள் கையடக்கத் தொலைபேசி வழியே வரத் தொடங்கின. பதுளை மாவட்டத்தின் லுணுகலையில், 2021ஆம் ஆண்டில், பிள்ளைகள் அலைவரிசையைத் தேடி மலையுச்சிக்குச் சென்று, காட்டினுள் ஏறக்குறைய 30 அடி உயரத்தில் அமைந்த மரவீடொன்றில் ஏறியமர்ந்து பாடங் கேட்ட செய்தியை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. அக்காலத்தில் உள்ளங்கையளவு திரையில் கணக்கும் விஞ்ஞானமும் படித்த பிள்ளைகளே இன்று உயர்தர வகுப்புகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றனர். உள்ளங்கைத் திரையில் பாடத்தைக் கேட்கலாம். ஆனால் கணினி நிரல் நாற்பது வரி எழுத முடியுமா? ஏழெட்டு நிரல்கள் கொண்ட அட்டவணையொன்றை ஒரே பார்வையிற் காண முடியுமா? ஒரு பக்கத்தை விரலால் தள்ளித் தள்ளிப் படிப்பவனுக்கு முதல் வரி மறந்த பின்னரே கடைசி வரி கிடைக்கிறது.

நாம் குறிப்பிட்ட லயத்தில், தொங்கல் காம்பராவில் குடியிருக்கும் குடும்பத்தின் மூத்த மகள் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்தவள். தாயார் கொழுந்து பறிக்கிறார். தாய்மாமன் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவர். 2024ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு அவர் பதுளைப் புகையிரதத்தில் வரும்போது, அலுவலகத்தில் ஒதுக்கிவைத்த பழைய கணினியொன்றைச் சாக்கிற் கட்டிக் கொண்டுவந்தார். பெட்டி வந்தது, விசைப்பலகை வந்தது, எலி வந்தது. திரை வரவில்லை. புகையிரதத்தின் நெருக்கடியில் கண்ணாடிப் பொருளைக் கொண்டுவர அஞ்சினாராம். அவருடைய அச்சம் நியாயமானதே. கொழும்பிலிருந்து பதுளை வரையுள்ள அந்தப் பாதையில் பண்டிகைக் காலத்திற் பிரயாணஞ் செய்தவர்கள், மனிதனே முழுதாக வந்து சேர்வதை ஒரு சாதனையாகவே கருதுவர்.

திரையில்லாத கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாமனே வழி கண்டுபிடித்தார். வீட்டிலே தட்டையான தொலைக்காட்சிப் பெட்டியொன்று இருந்தது. அதன் பின்புறத்திலும் கணினியின் பின்புறத்திலும் ஒரே வகையான எச்.டி.எம்.ஐ. குதை இருப்பதைக் கண்டு, பசறையில் ஒரு வயரை வாங்கிவந்து இரண்டையும் பிணைத்தார். கணினி உயிர்பெற்றது. வீட்டார் கைதட்டினர்.

இதிற் புதுமையொன்றும் இல்லை என்பதை மாணவர்கள் அறிதல் நலம். தொலைக்காட்சியும் கணினித் திரையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1897ஆம் ஆண்டிலே கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி ஆக்கிய கதோட்டுக் கதிர்க் குழாயே இரண்டுக்கும் மூலம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில் அக்குழாய் பொருத்தப்பட்டிருந்தது. எனினும் வீட்டுக் கணினி பிறந்தபோது அதற்குத் திரை கிடைக்கவில்லை. 1975இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆல்டேர் 8800 என்னும் கணினியின் முகத்தில் இருந்தவை சிறு விளக்குகளும் சுவிட்சுகளுமே. 1981இலும் 1982இலும் இங்கிலாந்தில் சிங்க்ளேயர் கம்பனி மலிவு விலைக் கணினிகளை வெளியிட்டபோது, அவற்றையும் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே இணைக்க வேண்டியிருந்தது. அந்நாட்டுப் பிள்ளைகளும் பெற்றோரும் மாலைவேளைகளில் ஒரே திரைக்காக எத்தனை வழக்காடியிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். நமது நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல்தான் ஆரம்பமாயிற்று; ரூபவாஹினி 1982இல் வந்தது. ஆகவே அந்த வழக்கு நமது லயங்களுக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

வந்து சேர்ந்தது, சும்மா வரவில்லை. மாலை ஆறரை மணிக்குமேல் அந்தக் காம்பராவில் தொலைக்காட்சி நாடகங்கள் தொடங்கும். நாள் முழுவதும் மலையேறி இறங்கி, கூடையின் பாரத்தைத் தலையிலே தாங்கி, அட்டைக் கடியும் மழையும் பட்டு வருகின்ற ஒரு தாய்க்கு அந்த இரண்டு மணிநேரமே சொந்தமான நேரம். அதனை விட்டுக்கொடு என்று எந்த வாயாற் சொல்வது? மகளும் சொல்லவில்லை. அவள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, ஒலியை அடைத்து, தாயும் தம்பியும் உறங்கும் அறையிலேயே அந்தத் திரையை ஏற்றிப் படித்தாள். ஒளி முகத்தில் படாதிருக்கத் தாயார் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தார். ஐந்தரை மணிக்கு அவர் எழுந்து பெரட்டுக்குப் போகவேண்டும். இவ்வாறு இரண்டு மாதம் சென்றது. இருவருடைய கண்களிலும் நித்திரை குடியிருந்தது.

அன்றியும் தொலைக்காட்சியில் இன்னொரு தொல்லை. திரையின் நாற்புறத்திலும் எழுத்துகள் வெட்டுப்பட்டன. கீழ்வரியில் இருக்கவேண்டிய கடிகாரத்தின் பாதி மறைந்து போயிற்று. பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் ஓரங்கள் கோணலாக விழுவதை மறைக்கும்பொருட்டு, படத்தைச் சற்றே பெருப்பித்து ஓரங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவது வழக்கம். குழாய் போயிற்று, வழக்கம் போகவில்லை. தட்டைத் தொலைக்காட்சிகளும் பல அவ்வாறே செய்கின்றன. தொலைக்காட்சியின் ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பகுதிக்குச் சென்று, உள்ளது உள்ளவாறு காட்டும் அளவைத் தேர்ந்தால் இத்தொல்லை தீரும். நாம் அதைச் செய்து கொடுத்தோம். மூன்று மணி விழிப்புக்கு ரிமோட்டில் மருந்து இருக்கவில்லை.

2025ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் தாயாருக்குச் சீட்டுக் காசு விழுந்தது. அவர் நம்மிடம் வந்து, "சேர், பிள்ளைக்கு ஒரு மொனிட்டர் வாங்கணும். நீங்க ஒரு நடை பதுளைக்கு வரணும். எங்கள ஏமாத்திப் புடுவானுங்க" என்றார். ஓய்வு பெற்ற கணித ஆசிரியருக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும்? ஆயினும் சேர் என்று அழைக்கப்பட்டவர் தெரியாது என்று சொல்லும் வழக்கம் நமது சமுதாயத்தில் இல்லை. நாம் புறப்பட்டோம்.

பதுளை நகரில், பழைய கணினிகளை விற்கும் ஒரு கடையில், 19 அங்குலத் திரையொன்று 6,500 ரூபாவுக்குக் கிடைத்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். ஆகவே அத்திரையின் விலை ஏறக்குறைய ஐந்து நாள் கொழுந்து. கடைக்காரர் அதை எரியவைத்துக் காட்டினார். படம் தெளிவாக இருந்தது. "எல்லா மெஷினுக்கும் சரிவரும் சேர்" என்று உறுதி கூறி, நீலநிற மூக்குடைய வயரொன்றையும் இனாமாகத் தந்தார். பழைய போர்வையொன்றிற் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, பசறைப் பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றிலும் அதனைக் குழந்தையைப் போல் அணைத்தபடி தாயார் பஸ்ஸில் வந்தார்.

மாலையில் இணைத்தோம். பெட்டியின் பின்புறத்தில் நீலநிறக் குதையொன்று இருந்தது. நீல மூக்கு நீலக் குதையிற் பொருந்தியது. இரு பக்கத் திருகுகளையும் முறுக்கினோம். சுவிட்சைப் போட்டோம். விசிறி சுழன்றது. திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றி, சமிக்ஞை இல்லை என்று ஆங்கிலத்திற் கூறிவிட்டு, மெல்ல அங்குமிங்கும் மிதந்து, பின் இருண்டுவிட்டது.

ஐந்து நாள் கொழுந்து இருண்டுவிட்டது என்றே தாயாரின் முகம் கூறியது. அவர் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அதுவே நமக்குப் பெருங் கஷ்டமாயிற்று. நாமோ நமது பெருமையைக் காக்கும் வேலையில் இறங்கினோம். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினோம். நினைவகத் தகட்டைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து மீண்டும் பொருத்தினோம். இது வீண் வேலையன்று. ஈரப்பதமுள்ள மலைநாட்டில் அப்பற்களிற் படியும் அழுக்கினால் கணினி இயங்காது போவதுண்டு. ஆனால் அன்றைய நோய் அதுவன்று. அடுத்ததாக வயரைச் சந்தேகித்தோம். அதற்கும் அடுத்ததாகக் கடைக்காரரைச் சந்தேகித்தோம். ஏமாற்றிவிட்டான், நாளைக்கே திருப்பிக் கொடுப்போம் என்று நாம் முழங்கிக்கொண்டிருந்தபோது, மாணவி பெட்டியின் பின்புறத்தைக் கைவிளக்கால் பார்த்தவாறு மெதுவாகக் கேட்டாள்:

"சேர், டிவி வயர கீழ இருக்கிற எடத்துல தானே குத்தியிருந்தோம்? இத மேல குத்தியிருக்கோமே, அதனாலயா?"

நாம் வாயடைத்துப் போனோம். கேள்வியிலேயே விடை இருந்தது.

கணினிப் பெட்டியின் பின்புறத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். விசைப்பலகை, எலி, ஒலிபெருக்கி ஆகியவற்றைச் செருகும் குதைகள் மேற்பாதியில் ஒரே கூட்டமாக இருக்கும். அவை தாய்ப்பலகையைச் சேர்ந்தவை. அந்தக் கூட்டத்திலேயே திரைக்குரிய குதையும் இருக்கலாம். சில கணினிகளில், அதற்குக் கீழே தனியாக, குறுக்கே கிடக்கும் ஒரு தகட்டில் வேறு சில திரைக் குதைகள் காணப்படும். அது வரைகலை அட்டை. படங்களை வேகமாகத் தீட்டுவதற்கென்றே அமைந்த தனி அட்டை அது. அத்தகைய அட்டை பொருத்தப்பட்டிருந்தால், கணினி தான் தீட்டும் படத்தை அதன் வழியாகவே வெளியே அனுப்பும். தாய்ப்பலகையின் திரைக் குதை பெரும்பாலும் அடைபட்டுவிடும். இன்னும் சில கணினிகளில், நடுச் செயலகத்திலே படந்தீட்டும் பகுதியே இராது; அவற்றில் மேற்குதை எக்காலத்திலும் உயிர்பெறாது. குதை இருக்கிறதே என்று நம்பிச் செருகுவது, மூடிய வீட்டின் வாசலில் நின்று கதவைத் தட்டுவது போன்றதாகும். நாம் செய்ததும் அதுவே.

இதனிடையே பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்குச் சொல்லிவைக்க வேண்டும். நமது நாட்டுக் கடைகளில் வரைகலை அட்டையை "வீ.ஜீ.ஏ. கார்ட்" என்றே வழங்குவர். ஆனால் வீ.ஜீ.ஏ. என்பது ஒரு குதைக்கும் பெயர். வீ.ஜீ.ஏ. கார்ட் உள்ள கணினியில் வீ.ஜீ.ஏ. குதை அந்தக் கார்டிலே இல்லாமலிருக்கலாம். அந்தப் பெட்டியின் நிலையும் இதுவே. கீழ்த் தகட்டில் இருந்தவை இரண்டு: மாமன் பயன்படுத்திய எச்.டி.எம்.ஐ. ஒன்று, அகன்ற வெண்ணிற டீ.வீ.ஐ. ஒன்று. நீல மூக்கு இரண்டிலும் நுழையாது.

வீ.ஜீ.ஏ. குதையை 1987ஆம் ஆண்டு ஐ.பி.எம். கம்பனி அறிமுகஞ் செய்தது. வரிக்கு ஐந்தாக மூன்று வரிகளில் 15 ஊசிகள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் தனித்தனிக் கம்பிகளில் ஏறியிறங்கும் மின்னழுத்தமாகவே படம் செல்லும். குழாய்த் திரைக்கு ஏற்ற முறை அது. தட்டைத் திரை வந்தபின், எண்களாக இருக்கும் படத்தை மின்னலையாக்கி அனுப்பி, அத்திரை அதனை மறுபடியும் எண்களாக்கிக் காட்டுவது, தமிழ்க் கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பி, பெறுபவர் மீண்டும் தமிழாக்கிப் படிப்பதற்கு ஒப்பாயிற்று. எழுத்துகள் சற்றே மங்கலாவதற்கு அதுவே காரணம். ஆகவே 1999இல் டீ.வீ.ஐ.யும், 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ.யும், 2006இல் டிஸ்பிளே போர்ட்டும் தோன்றின. இவை மூன்றும் படத்தை எண்களாகவே அனுப்புகின்றன, டீ.வீ.ஐ.யின் ஒருவகைக் குதை மட்டும் பழைய அலையையும் சேர்த்து அனுப்பும். எச்.டி.எம்.ஐ. ஒலியையும் உடன் கொண்டுசெல்லும். டிஸ்பிளே போர்ட்டின் மூக்கில் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கும். பல வயர்களில் சிறு கொக்கியும் உண்டு. அக்கொக்கியை அமுக்காமல் இழுத்துக் குதையையே பெயர்த்தவர்களை நாம் அறிவோம்.

எண் முறையின் வேலைப்பளுவை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த 19 அங்குலத் திரையில் கிடையாக 1,440 புள்ளிகள், செங்குத்தாக 900 புள்ளிகள். பெருக்கினால் 12,96,000. இவை யாவும் செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது ஒரு செக்கனில் 7 கோடியே 77 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளிகளின் நிறம் அந்த வயரினூடே ஓடவேண்டும். மாணவி இதனைக் கணக்கிட்டு முடித்தபோது, தாயார் அந்த வயரைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே" என்றார்.

குதைகள் பொருந்தாதபோது எதை எதனோடு இணைக்கலாம்? எச்.டி.எம்.ஐ.யும் டீ.வீ.ஐ.யும் படத்தை ஒரே முறையில் அனுப்புவதால், ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் மற்றதுமாக உள்ள சாதாரண வயரே போதும். ஒலி மட்டும் வருமென்று நம்பியிருத்தலாகாது. ஆனால் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வீ.ஜீ.ஏ.க்குச் செல்வதற்கு வெறும் வயர் உதவாது. எண்ணை மின்னலையாக மாற்றும் சிறு சுற்றொன்று நடுவே வேண்டும். அதனை மாற்றி என்று கேட்டு வாங்கவேண்டும். அதுவும் ஒருவழிப் பாதை: கணினியின் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து திரையின் வீ.ஜீ.ஏ.க்குச் செல்வது வேறு, கணினியின் வீ.ஜீ.ஏ.யிலிருந்து திரையின் எச்.டி.எம்.ஐ.க்குச் செல்வது வேறு. கடையிலே எந்தப் பக்கம் கணினி, எந்தப் பக்கம் திரை என்று சொல்லாமல் வாங்குபவர் இன்னொரு பஸ் கட்டணத்துக்குத் தயாராயிருக்க வேண்டியதுதான்.

நமக்கு அச்செலவு நேரவில்லை. வாங்கிவந்த திரையின் அடிப்புறத்தில், நீலக் குதைக்குப் பக்கத்தில், வெண்ணிற டீ.வீ.ஐ. குதையும் இருந்தது. அதற்குரிய வயர்தான் இல்லை. மறுநாள் மாணவி தன் பாடசாலையில் விசாரித்தாள். கணினி கற்பிக்கும் ஆசிரியை, கூடத்தின் இழுப்பறையில் பயனின்றிக் கிடந்த டீ.வீ.ஐ. வயரொன்றை எடுத்து, தூசு தட்டிக் கொடுத்தார். மாலையில் செருகினோம். திரையின் விளிம்பிலுள்ள பொத்தானை அமுக்கி, எந்தக் குதையைப் பார்க்கவேண்டும் என்பதையும் அதற்குச் சொன்னோம். (இதனை மறந்துவிட்டு அழைத்தவரைத் திட்டியவர்கள் பலர். திரைக்கு இரண்டு மூன்று வாசல்கள் உண்டு. எந்த வாசலில் விருந்தாளி வருகிறார் என்று சில திரைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.) சுவிட்சைப் போட்டோம்.

படம் வந்தது. எழுத்துகள் கூரிய நுனியால் எழுதியவை போன்றிருந்தன. கடைக்காரரை மனத்தினுள்ளே மன்னித்தோம். உண்மையில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாமே.

சுவிட்சைப் பற்றிச் சொல்லும்போது, தோட்டத்து வீடுகளுக்கு மிக முக்கியமான ஒரு விஷயத்தைக் கூறாமல் விடமுடியாது. எச்.டி.எம்.ஐ. போன்ற புதிய வயர்களை மின்சாரம் இருக்கும்போதே செருகலாம் என்று நூல்கள் கூறும். நகரத்துப் புதுவீட்டுக்கு அது பொருந்தும். நமது லயங்களிலோ, மின்கம்பி இழுத்த காலமும் இழுத்த கையும் பலவாகும். மூன்று ஊசிச் செருகியின் நிலக்கம்பி எங்கோ அறுந்திருக்கும். அல்லது இரண்டு ஊசி நீட்டிப்பு வயரில் கணினி தொங்கிக்கொண்டிருக்கும். அவ்வாறான வேளையில் கணினியின் உலோக உடலை விரலாற் தொட்டால் சுருக்கென்று ஓர் உணர்ச்சி ஏற்படும். பெட்டியின் உள்ளே, மின்னிரைச்சலை வடிகட்டும் உறுப்புகளினூடே கசியும் மின்சாரம் நிலத்துக்குப் போக வழியின்றி உடலிலே நிற்பதே அதற்குக் காரணம். அந்த நிலையில் இரு கருவிகளை வயரால் பிணைக்கும்போது, கசிவு அந்த வயரின் வழியே பாய்ந்து, நுண்ணிய குதைகளை எரித்துவிடக்கூடும். ஆகவே நம்முடைய வீடுகளில் முதலில் இரண்டு செருகிகளையும் சுவரிலிருந்து கழற்றுக. பின்னர் வயரை இணைக்க. அதன் பின்னரே மின்சாரம். சுருக்கென்ற உணர்ச்சி இருக்குமாயின், கணினிக்காரரை அழைக்குமுன் மின்தொழிலாளரை அழைத்தல் வேண்டும்.

இடி மின்னலும் அத்தகையதே. மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் தோறும் ஊவா மலைகளில் இடி முழங்கும். அப்பொழுது சுவர்ச் செருகியை மட்டும் கழற்றிவிட்டுத் திருப்தியடைவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கூரைமேல் நிற்கும் தட்டு அன்ரெனாவின் வயர் தொலைக்காட்சிக்கு வருகிறது; தொலைக்காட்சியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வயர் கணினிக்குப் போகிறது. மின்னல் சுவர் வழியாக வரவேண்டுமென்ற நியதி இல்லை. அன்ரெனா வயரையும் கழற்றவேண்டும். கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையிலுள்ள வயரையும் கழற்றவேண்டும். மழை இரைந்து மின்னல் அருகே வந்தபின் வயரைத் தேடிப் பிடிப்பது ஆபத்து. வானம் கறுக்கும்போதே செய்துவிடுவது நன்று.

மின்வெட்டைப் பற்றி நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்தவர்கள் அல்லவா நாம்! எழுதியதை அடிக்கடி சேமித்துவைக்கும் பழக்கத்தை அக்காலம் நமது பிள்ளைகளுக்கு எந்த ஆசிரியரையும்விட நன்றாகக் கற்பித்தது.

திரையை எங்கே வைப்பது என்பதிலும் சிறிது கவனம் வேண்டும். அந்தக் காம்பராவுக்கு ஜன்னல் ஒன்றே. மாணவி முதலில் ஜன்னலுக்கு எதிரே வைத்தாள். வெளிச்சம் திரையில் விழுந்து கண் கூசியது. பின்னர் ஜன்னலைப் பக்கவாட்டில் இருக்கச் செய்தாள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு உயரும்படி, இரண்டு பழைய கணிதப் புத்தகங்களை அடியில் அடுக்கினாள். அவற்றுள் ஒன்று நாம் முப்பது ஆண்டுகள் கற்பித்த புத்தகம். கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஒரு கையளவு நீளம் இருக்கவேண்டும் என்று நாம் சொல்ல, தம்பி தன் கையை நீட்டி அளந்தான். அவன் கை குட்டை. அக்காவின் கையால் மறுபடி அளந்தார்கள்.

இவ்விடத்தில் கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் மாணவிகள் கற்றதோடு நிற்பதில்லை. கீழ்த் தகட்டில் இரண்டு குதைகள் இருந்தன என்றோமன்றோ? டீ.வீ.ஐ.யில் திரை, எச்.டி.எம்.ஐ. சும்மா இருந்தது. ஒரு மாதங்கழித்து நாம் சென்றபோது, அதிலிருந்து ஒரு வயர் சுவரோரமாகச் சென்று தொலைக்காட்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. விசைப்பலகையில் வின்டோஸ் பொத்தானையும் பீ என்னும் எழுத்தையும் ஒருங்கே அமுக்கினால், இரண்டு திரைகளையும் எவ்வாறு பயன்படுத்துவது என்று கணினி கேட்கும். இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டலாம். அல்லது ஒரு திரையின் தொடர்ச்சியாக மற்றதை நீட்டலாம். நீட்டிவிட்டால், ஒரு திரையின் ஓரத்தைக் கடந்த எலியின் அம்பு, அடுத்த வீட்டு வேலியைத் தாண்டுவது போல மற்றத் திரையிற் போய்த் தோன்றும். ஒன்றில் பாடக்குறிப்பு, மற்றதில் எழுதும் பயிற்சி. பக்கம் புரட்டாமல் இரண்டையும் ஒருங்கே பார்க்கலாம். வேலை பாதி நேரத்தில் முடிகிறது என்றாள்.

"அப்படியானால் அம்மாவின் நாடகம்?" என்று கேட்டோம்.

அதற்கும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். மூன்று மணிக்கு எழும் வழக்கம் நின்றுவிட்டது. மாலையில் மகள் தன் சிறு திரையில் எழுதுவாள். தாயார் பக்கத்திலே தொலைக்காட்சியைப் பார்ப்பார். நாம் இருந்த வேளையில் நாடகத்தின் நடுவே விளம்பரம் வந்தது. தாயார் ரிமோட்டை மகளின் பக்கம் நீட்டினார்.

"இந்தா, வெளம்பரம் முடியிற வரைக்கும் ஒன்னோட படத்தப் போட்டுப் பாத்துக்க."

மகள் பொத்தானை அமுக்கினாள். நாடகம் இருந்த இடத்தில் கணினிப் பாடம் தோன்றியது. தாயார் தேநீர் ஊற்றுவதற்காக எழுந்து அடுப்படிக்குப் போனார். போகும்போதே, "ஆரம்பிச்சா கூப்புடு" என்றார்.